வார் பூட்டியபடி கிடந்த ஹெல்மெட்

எங்கள் வீட்டுக் கடைசிப் பிள்ளையே, என் தம்பி நாராயணா,

நலமா என்று கேட்டுத்தான் எனக்குக் கடிதம் தொடங்கத் தெரியும். அதை உன்னிடம் எப்படிக் கேட்பது? அதனால் என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறதுடா. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கடையில் யூனிஃபார்ம் துணி என் இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கிறது. மெஷினை மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது.

தையல் களைப்பு படுத்து எழுந்தால் போய்விடும். இது அப்படிப் போகிற களைப்பாகத் தெரியவில்லை. ஆறு வருஷமாக உன்மேல் கோபமாக இருந்து இருந்து வந்தது. செத்துப்போனவனிடம் கோபித்துக்கொள்வது எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? அவன் திருப்பி ஒரு வார்த்தை பேசமாட்டான். நாமேதான் இரண்டு பக்கமும் பேச வேண்டும்.

ஹெல்மெட்டைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பான், பாவிப்பயல். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடம்கூட, டேப்பை அவர்கள் தோளில் வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். நானே அவனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தேன், அதைத் தலையில் போடாமல் வண்டியில் தொங்கவிட்டுக்கொண்டு போய்ச் செத்தான் என்று.

அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. நம்மூர் ஆட்கள் ஹெல்மெட் போடும் லட்சணம் உனக்குத் தெரியாததா? எதிரே வருகிறவன் லைட்டைப் போட்டுக் காட்டி, முன்னால் போலீஸ் நிற்கிறது என்று சொன்னால் அது தலைக்கு ஏறும். அவர்களைத் தாண்டியதும் கழற்றி, வாரைப் பூட்டி, கண்ணாடிக் கம்பியில் மாட்டிவிடுவார்கள். பூட்டாமல் மாட்டினால் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது கழன்று ஓடிவிடுமாம். உன் ஹெல்மெட்டைப் போலீஸ்காரர் என் கையில்தான் தந்தார். நாலுவழிச் சாலையில் உன் வண்டியின் முன்டயர் வெடித்த இடத்திலிருந்து நாற்பது அடி தள்ளி, முள்செடி ஓரமாகக் கிடந்ததாம். பின்பக்கம் ஒரே ஒரு கீறல். வார் பூட்டியபடி இருந்தது. பார்த்த அந்த நிமிஷமே நான் முடிவு செய்துவிட்டேன்.

உன் பெண்டாட்டி மல்லிகா அன்றைக்கே சொன்னாள். "நான் வாசல்ல நின்னு பாத்தேன் மதினி. போட்டு, கிளிப்ப மாட்டிட்டுத்தான் போனாவ" என்று அழுதாள்.

"தெருமுக்கு வரைக்கும் போட்டிருப்பான். அங்கன தாண்டினதும் கழட்டியிருப்பான். எந்தம்பிய எனக்குத் தெரியாதா?" என்றேன்.

துட்டி வீட்டில், உன் சாவுக்கு வந்திருந்த நாலு பேர் முன்னால் சொன்னேன். அதற்குப் பிறகு மல்லிகா என்னிடம் அளந்துதான் பேசுகிறாள். வந்தால் காப்பி தருவாள், உட்காரச் சொல்லுவாள், அவ்வளவுதான். ஆயுத பூசைக்கு அந்த ஹெல்மெட்டைத் துடைத்துப் பொட்டு வைப்பாள். எனக்கு அதைப் பார்த்தால் எரிச்சலாக வரும்.

இப்போது உன் மகள் சேதி. பவித்ராவுக்கு மதுரையில் வேலை. பஸ் ஒத்துவரவில்லை என்று பைக் எடுத்துவிட்டாள். ஸ்கூட்டி இல்லை, உன்னுடையதைப் போலவே மூச்சுவிட்டால் பறக்கிற வண்டி. சனிக்கிழமை வருவாள், திங்கட்கிழமை விடியக் கிளம்பிப் போவாள். மெதுவாகப் போ தாயி என்றால், "நாலுவழிச் சாலைல நாப்பதுல போனா பின்னால வாரவன் இடிச்சிருவான் அத்த" என்கிறாள். முகமும் உன் முகம், வாயும் உன் வாய்.

போன வாரம் கடைக்கு வந்து, ஹெல்மெட் கடைக்குத் துணைக்கு வரச் சொன்னாள். கையில் பார்த்தால் உன் ஹெல்மெட்.

"புதுசா எடுக்கலியா?"

"எதுக்கு? இது நல்லாத்தான் இருக்கு. முன்கண்ணாடி மட்டும் மாத்துனாப் போதும். அப்பா போடாம விட்டத நான் போடுதேன்."

எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. பிள்ளையை நல்லபடியாகத்தான் வளர்த்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கூடப் போனேன்.

திருவேங்கடம் சாலையில் புதிதாக வந்திருக்கிற கடை. கடைக்கார அண்ணாச்சிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், வாயில் வெற்றிலை. ஹெல்மெட்டைக் கையில் வாங்கி உள்ளே கையை விட்டு அழுத்திப் பார்த்தார். பின்பக்கக் கீறலைத் தடவினார்.

"இது விழுந்த ஹெல்மெட்லா? உள்ள இருக்க தெர்மாகோல் ஒரு அடிக்குத்தான் தாங்கும். வெளிய நல்லாத்தான் தெரியும். இதுக்கு நான் கண்ணாடி மாத்தித் தரமாட்டேன்."

பவித்ரா விடுவாளா? "ஆளே போடாம விழுந்தது அண்ணாச்சி. ஒரு கீறல்தான" என்று வாதாடினாள்.

"சரி, ஒருமட்டம் போடுங்க. வாரையும் பூட்டுங்க" என்றார். போட்டாள், பூட்டினாள். தலையை இரண்டு பக்கமும் ஆட்டச் சொன்னார். "முகம் அங்கன போகுது, ஹெல்மெட் இங்கனயே நிக்குது, பாத்தியளா?" என்றார். அப்புறம் அவள் பின்னால் போய் நின்று, ஹெல்மெட்டின் அடிவிளிம்பைப் பிடித்து முன்னால் தூக்கினார். கிளிப்பைத் தொடவே இல்லை. அவள் மூக்கை உரசிக்கொண்டு முழுசாகக் கழன்று அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் அதை மேசைமேல் வைத்தார். வார் பூட்டியபடி இருந்தது.

நான் அந்தக் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

அவர் வேறு பெட்டி எடுக்க ஏணியில் ஏறிக்கொண்டே பேசினார். "முப்பதுல போறவனுக்கு ஒண்ணும் தெரியாது. நூறுல போனா காத்து அடியில புகுந்து தூக்கும். தலைய ஒருபக்கமாச் சாச்சிப் பாத்தா கண்ண மறைக்கும். விழுந்தா, தல தரையில படுததுக்கு முந்தி இது கழண்டு ஓடிரும். கிளிப்பு போட்டது போட்டபடி கிடக்கும். எத்தன கண்டிருக்கேன்!"

பவித்ரா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அத்த, போலீஸ் தந்தப்ப கிளிப்பு பூட்டித்தான் இருந்துச்சுன்னு சொல்லுவீங்கள்லா?"

"ஆமா."

"அப்ப அப்பா போட்டிருந்திருக்காங்க."

நாராயணா! ஆறு வருஷம். அத்தனை பேரிடம்.

அண்ணாச்சி ஒரு டேப்பை எடுத்துப் புருவத்துக்கு மேலே ஒரு விரல்கடை விட்டு அவள் தலையைச் சுற்றி அளந்தார். முப்பது வருஷமாக என் கழுத்தில் தொங்குகிற அதே டேப். ஊரில் எத்தனை இடுப்பை அளந்திருக்கிறேன், எத்தனை தோளை அளந்திருக்கிறேன். தலையை அளக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அளவுக்கு ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். பவித்ரா போட்டுப் பார்த்துவிட்டு, "கன்னத்தப் பிடிக்குதே அண்ணாச்சி, இதுக்கு அடுத்த சைஸ் தாங்க" என்றாள்.

நீ திருநெல்வேலிக் கடையில் நின்று சொன்ன அதே பேச்சு. "எக்கா, கன்னத்தப் பிடிக்குதுக்கா" என்றாய். போகப்போகச் சரியாகிவிடும் என்று அந்தக் கடைப்பையன் சொன்னான். நான் விட்டேனா? "ஏலே, லூசா இருந்தா உள்ள எதையாவது வச்சுப் பிடிச்சுக்கலாம். டைட்டா இருந்தா என்ன செய்ய முடியும்? பெருச எடு" என்று அதட்டினேன். தையல்காரி புத்தி. துணியை எப்போதும் தாராளமாக வெட்டு, கூடினால் பிடித்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நீ பெரியதைப் போட்டு, "இப்பதான் சுகமா இருக்கு" என்று சிரித்தாய். அளவு எனக்குத் தெரியாததா என்று நானும் சிரித்தேன்.

இதையெல்லாம் அந்தக் கடையில் நின்றே பவித்ராவிடம் சொன்னேன். ஒரு மாதம் கழித்து நீ போன் பண்ணி, எண்பதைத் தாண்டினால் ஆடுகிறது என்றதையும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதன்மேல் போடு என்று நான் சொன்னதையும் சொன்னேன். மாற்றிக்கொள்ளலாமே என்று மல்லிகா கேட்டதற்கு, அக்கா எடுத்துத் தந்தது, இருக்கட்டும் என்றாயாமே. அவள் அப்போது அதை என்னிடம் பெருமையாகச் சொன்னாள். எனக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அண்ணாச்சி வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

பவித்ரா கன்னத்தைப் பிடித்த அந்த ஹெல்மெட்டையே எடுத்தாள். அண்ணாச்சி அவளை வாரைப் பூட்டச் சொல்லி, பின்னாலிருந்து தன் பலம் முழுக்கத் தூக்கிப் பார்த்தார். அது அசையவில்லை, அவள் தலைதான் குனிந்தது. "அரைமணி நேரம் கழட்டாம போட்டிருங்க. கன்னத்துல அழுத்தலாம், ரெண்டு மாசத்துல பஞ்சு அமுங்கி ஒங்க முகத்துக்குத் தக்க வந்திரும். நெத்தியில வலிச்சா மட்டும் கொண்டாங்க, வேற தாரேன்" என்றார்.

அவள் அதைக் கழற்றாமலே கடையை விட்டு இறங்கினாள். முன்கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். நான் உன் பழைய ஹெல்மெட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். பட்டப்பகலில் ஹெல்மெட் போட்டு வண்டியைத் தள்ளுகிற பிள்ளையைப் பஜாரே திரும்பிப் பார்த்தது. உள்ளே அவள் அழுகிறாளா என்னைத் திட்டுகிறாளா, எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

என் கடைக்கு வந்ததும் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. கன்னம் இரண்டிலும் அச்சு விழுந்திருந்தது. நான் அவள் நெற்றியைத்தான் பார்த்தேன். அங்கே தடம் இல்லை.

"அம்மா அவ்வளவு சொல்லியும் நானும் நம்பலியே அத்த" என்றாள். அப்புறம், "பெருசு எடுத்தா தப்புன்னு ஒங்களுக்கு அன்னைக்குத் தெரியாதுல்லா?" என்று கேட்டாள்.

"தெரியாது தாயி. தெரியும்னு ஒரு நெனப்பு."

அவள் மடியிலிருந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அம்மாட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்" என்று எழுந்துபோய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு வார்த்தை அனுப்பியிருந்தாள்: 'வந்துட்டேன்'. அவள் அம்மாவுக்குத்தான் அனுப்புவாள், எனக்கு அனுப்பியதே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சரியான அளவில் எடுத்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? அண்ணாச்சியிடம் தனியாகப் போய்க் கேட்டேன். "அந்த வேகத்துல டயர் வெடிச்சா யாரு சொல்ல முடியும்மா" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். ஊரில் விதி என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள், நானும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் அது ஆடினாலும், துண்டைக் கட்டிக்கொண்டாவது எனக்காகவே நீ அதைத் தலையில் வைத்திருந்தாயே, உன்னைப்போய் ஹெல்மெட் போடாதவன் என்று ஊர் முழுக்கச் சொன்னேனே, அதை எந்த விதியில் சேர்ப்பது?

மூன்று நாளாக மல்லிகா வீட்டுப் பக்கம் போகிறேன், தெருவில் பாதி தூரத்தில் திரும்பிவிடுகிறேன். பயமாக இருக்கிறதுடா. கையில் ஒரு தூக்குச்சட்டிப் பணியாரம், வாயில் ஒரு சாக்கு என்று போய் மழுப்பிவிடுவேனோ என்றும் பயமாக இருக்கிறது. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன்னிடம் சொல்லிவிட்டால் அப்புறம் பின்வாங்க முடியாது.

இன்று கடையை அடைத்துவிட்டு நேரே அங்கே போவேன். வெறுங்கையோடு போவேன். துட்டி வீட்டில் யார் யார் முன்னால் பேசினேனோ, பிறகு அவர்கள் ஒவ்வொருவரிடமும் போவேன், ஆனால் முதலில் அவளிடம். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டேன், காப்பி தந்தால் வாங்கமாட்டேன். நின்றபடியே சொல்லிவிடுவேன்:

"மல்லிகா, அவன் போட்டுத்தான் போனான். கழட்டுனது நான்."

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த அக்கா,
கோமதி