பிள்ளைகள் ஞாயிறன்று பிடுங்கிய ஒயர்

ஞாயிறு, இரவு.

இன்னும் கோபம் அடங்கவில்லை. இன்று சர்ச்சில் பிள்ளைகள் ஞாயிறு, பிள்ளைகளே முன்னால் நின்று பாடும் நாள். என் பேத்தி எஸ்தர் கீர்த்தனை பாடப் போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாலாஜாபாத்திலிருந்து என் தங்கச்சிகூட பஸ் ஏறி வந்தாள்.

பிள்ளைகள் ஆல்டர் முன்னால் வரிசையாக நின்றார்கள். பாட்டு கணீரென்று கேட்டது. உற்றுப் பார்த்தால் ஸ்பீக்கர்தான் பாடுகிறது. பிள்ளைகள் வாயை அசைத்துக் கையை ஆட்டுகிறார்கள். எழுந்து போய் ஓய்வுநாள் பள்ளி டீச்சரைக் கேட்டேன்.

"இன்னாம்மா இது? புள்ளைங்க வாயில பிளாஸ்திரி ஒட்டிகீறியா?"

"வீடியோ எடுக்கறோம் ஆயா. இதுங்க பாடினா சுருதி சேராது. போய் உக்காருங்க."

சுருதி சேராதாம்! கர்த்தர் என்ன பாட்டுப் போட்டியா நடத்துகிறார்? ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினேன். "பாடுங்க கண்ணுங்களா" என்றேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இத்தனை வாரமும் டீச்சர் கையாட்ட மட்டும்தான் பழக்கியிருக்கிறாள், பாட்டைச் சொல்லித் தரவே இல்லை. எஸ்தர் ஓவென்று அழுதாள்.

அந்த டீச்சரை விடப் போவதில்லை. நாளைக்கே போதகரிடம் போய்க் கேட்கத்தான் போகிறேன்.

வீட்டுக்கு வந்தும் எஸ்தர் சாப்பிடாமல் சுருண்டு படுத்தாள். போர்த்திவிடப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"ஒனக்குத்தான் எல்லா சரணமும் தெரியுமே ஆயா. ஒயரப் புடுங்கிட்டு நீ ஏன் சும்மா நின்னுகினு இருந்த?"

கோபத்தில் எனக்கே தொண்டை அடைத்துவிட்டதென்று இந்தப் பொடிசிடம் எப்படிச் சொல்வது? இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.