ஏழாம் நம்பரின் பதில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தண்ணீர்க் குழாய்க்காகப் பக்கத்து வீட்டு டெய்லரோடு சண்டை போடுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா. காலையில் வெறும் வயிற்றில் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே என்று எத்தனை தடவை சொல்வது, உன் காதில் ஏறினால்தானே. இதெல்லாம் போனில் கேட்கிற விஷயம்தான். ஆனால் இப்போது சொல்லப் போவதைப் போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி டெய்லருக்குப் போன் போடுவாய். கடிதம் என்றால் முடிகிற வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

நீ ஷெட் பக்கமே எட்டிப் பார்க்காதவள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஓட்டம் முடிந்து ஒதுக்கிவிட்ட ஒரு பழைய டீசல் எஞ்சினைக் காயலான் கடைக்குப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்த் துடைத்துப் பூட்டி ஓட்டிப் பார்க்கிற பன்னிரண்டு பேர் நாங்கள். கூலி கிடையாது, கைநிறையக் கரி உண்டு. தலைவர் ஒரு பல் டாக்டர், எஞ்சினை வாயைத் திறக்கச் சொல்லாததுதான் பாக்கி. ஷாக் என்று நாங்கள் கூப்பிடும் எலக்ட்ரீஷியன் ஒருவன். முன்பக்கம் நீளமாக நீட்டிக்கொண்டிருப்பதால் எஞ்சினுக்கு மூக்கன் என்று பெயர், வைத்தது உன் அப்பா. எங்களில் ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு. மூக்கனை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எல்லா நம்பரையும் வரிசையாக உரக்கக் கூப்பிட வேண்டும். விலகி நிற்கிறவர் வெளியே என்று சொல்ல வேண்டும், எஞ்சினுக்கு அடியில் குழியில் இருக்கிறவர் உள்ளே என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு உள்ளே வந்தாலும் யாரும் சாவியைத் தொடக் கூடாது. பதிலே வரவில்லை என்றால் அடுத்த நம்பருக்குப் போகாமல் அங்கேயே நிறுத்திவிட்டு ஆளைத் தேட வேண்டும். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லைன் கொடுத்தவள், குரல் கணீரென்று இருக்கும் என்று கூப்பிடுகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். அப்பா ஏழு, ஷாக் எட்டு.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா போன அன்று காலையில் நீ போன் செய்தாய். நீ ஊரை விட்டுக் கிளம்பிய நாளில் எஞ்சினைத் தூக்கக் கிரேன் வந்திருக்கிறது என்று அவர் ஷெட்டிலேயே நின்றுவிட்டதும், எஞ்சினுக்கே அப்பாவா இருந்துக்கச் சொல்லு என்று நீ என்னிடம் சொல்லிவிட்டுப் போனதும், அதோடு மூன்று வருஷம் இரண்டு பேரும் பேசாமல் இருந்ததும் நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. மனம் இறங்கி நீதான் முதலில் கூப்பிட்டாய். நான் போனை நீட்டினேன், ஷெட்டுக்குப் போயிட்டேன்னு சொல்லிடு என்று செருப்பை மாட்டிக்கொண்டார். நானும் உன்னிடம் அப்படியே சொன்னேன், அது பொய் கண்ணு, அவர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். வழியெல்லாம் அவரோடு சண்டை போட்டேன். பதினோரு மணிக்கு நம்பர் கூப்பிட்டேன். ஏழு என்றேன், பதில் இல்லை. வீம்பு, என் குரலுக்கு வாயைத் திறக்க மாட்டாராம் என்று நினைத்து, எனக்கும் வீம்பு வந்து, நிற்காமல் எட்டைக் கூப்பிட்டுவிட்டேன். பன்னிரண்டு வரை போய் முடித்த பிறகுதான் பல் டாக்டர், ஏழு சொல்லலையே என்றார். குழியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது எண்ணெய்த் தட்டின் மேல் சாய்ந்து கிடந்தார். உடனே பார்த்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர்கள் சொல்வார்கள். எட்டு என்று கூப்பிட்டது என் வாய்.

அதன் பிறகு இரண்டு வருஷம் மூக்கனின் உள் பாகம் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டிருந்ததால் ஸ்டார்ட்டும் இல்லை, நம்பர் கூப்பிடுவதும் இல்லை. ஏழாம் நம்பரை வேறு யாருக்கும் கொடுக்கவும் இல்லை. இப்போது நிலத்துக்காரர் ஷெட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார், மாதக் கடைசிக்குள் எஞ்சின் தானாக நகர்ந்து வெளியே போகாவிட்டால் வெட்டித் தூக்கிவிடுவேன் என்று கெடு வைத்தார். அரக்கப் பரக்கப் பூட்டி முடித்து, மூன்று வாரத்துக்கு முன்னால் ஸ்டார்ட் செய்ய நின்றோம். ஆறு வரை கூப்பிட்டேன், பழக்கதோஷம், நாக்கு தானாக ஏழு என்றுவிட்டது. குழியிலிருந்து, உள்ளே இருக்கேன் என்று பதில் வந்தது. லேசாக அலுத்துக்கொள்கிற குரல், வேலை நடுவில் கூப்பிட்டால் உன் அப்பா பேசுகிற மாதிரி. ஆயிரக்கணக்கான குரலைக் காதில் வாங்கியவள் நான், இந்தக் குரலை நான் தப்பாகக் கேட்க மாட்டேன். ஷாக் முகம் வெளுத்துப் போயிற்று, அவனும் கேட்டிருக்கிறான். பல் டாக்டர் யாருப்பா கீழே என்று இறங்கிப் போனார். குழியில் ஈ காக்கை இல்லை. கைவிளக்கு அணைந்துதான் கிடந்தது, ஆனால் அதன் கண்ணாடி தொட முடியாமல் சுட்டது. டாக்டர் மேலே ஏறி வந்து கையை நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு, ஒரு நம்பர் உள்ளேன்னு சொன்னா ஸ்டார்ட் கிடையாது, அவ்வளவுதான் என்று சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் ஏழாம் நம்பரை விட்டுவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். ஆறு முடிந்ததும் எட்டு என்றேன். ஷாக் எனக்கு நேர் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான், பதில் சொல்லவில்லை. என்னடா என்றேன். அக்கா, அவரைக் கூப்பிடாம நான் எப்படிச் சொல்றது, அவர் கேட்டுக்கிட்டு இருக்கார்ல என்றான். பட்டப்பகல், கூரை ஓட்டை வழியே வெயில் தரையில் விழுகிறது, பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் பதினொரு பேர் நின்றோம். நான் கூப்பிட்டேன். உள்ளே என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயத்தைவிட சந்தோஷம்தான் அதிகம். மூக்கனை வெட்டினாலும் பரவாயில்லை, வாராவாரம் இந்த ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று மனசு அலைந்தது. அந்த ஆசைதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் உன் அப்பா இரண்டு வருஷமாக அந்த எண்ணெய்ப் பிசுக்கில் உட்கார்ந்திருக்கிறார், யாராவது தேடி வருவார்கள் என்று காத்திருக்கிறார், நான் அதில் சந்தோஷப்படுகிறேன்.

போன ஞாயிறு மற்றவர்கள் வருவதற்கு முன்னால் போனேன். முழங்காலைத் திட்டிக்கொண்டே குழிக்குள் இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்தேன். தேடி வந்திருக்கேங்க என்றேன். அன்னிக்கு நீங்க பதில் சொல்லல, நான் கோவத்துல எட்டைக் கூப்பிட்டுட்டேன், தப்பு என்மேலதான் என்றேன். தலைக்கு மேலே எஞ்சினிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த எண்ணெய் நின்றுவிட்டது. அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, பொண்ணு அன்னிக்கு உங்ககிட்ட பேசத்தான் கூப்பிட்டா, இனிமே நான் நடுவுல நின்னு லைன் கொடுக்க மாட்டேன், நீங்களே போய்ப் பேசிக்குங்க என்று சொல்லிவிட்டு ஏறி வந்தேன். பதினோரு மணிக்குக் கூப்பிட்டேன். ஆறாம் நம்பர்காரர் வெளியே என்றார். ஏழு என்றேன். வெளியே என்று பதில் வந்தது, குழியிலிருந்து இல்லை, எங்கள் முதுகுக்குப் பின்னால், ஷெட் கதவுப் பக்கத்திலிருந்து. எல்லோரும் திரும்பினோம், யாரும் இல்லை, கதவு மட்டும் ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. ஷாக் அழுதுகொண்டே வெளியே என்றான். பன்னிரண்டு வரை முடிந்ததும் பல் டாக்டர் சாவியைத் திருப்பினார், மூக்கன் இரண்டு தடவை தும்மிவிட்டு ஸ்டார்ட் ஆகி, தானாகவே நகர்ந்து வெளியே போனான். இனி வெட்ட மாட்டார்கள்.

வீட்டுக்குத்தான் வருவார் என்று நினைத்தேன். இந்த எட்டு நாளும் பகலெல்லாம் கதவைத் தாழ் போடாமல் வைத்திருந்தேன், டெய்லர் பூனை வந்ததுதான் மிச்சம். நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். இரண்டு நாளாக உங்கள் வீட்டு வாசலில் டீசல் வாசனை வருகிறதாம், கேஸ்காரனைக் கூப்பிட்டுப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லையாம். அப்படியா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இந்தக் கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும், அதுவரை அப்பா அங்கேயே நிற்பார், நிற்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது. பயப்படாதே அம்மாடி. நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு வாழ வேண்டும், அம்மாவின் ஆசி அதுதான். ஒன்றை மட்டும் மறக்காதே, வாசலில் வந்து நிற்பாரே தவிர அவராக வாயைத் திறக்க மாட்டார். நீயே முதலில் பேசு.

உன் அம்மா