குளிர்த்திக்குப் பிறகும் இறங்காத வயிறு

யூன் 5, வியாழன்

கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. வீடு முழுக்க மணல். கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தாச்சு. சடங்கு முடிந்து, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி ஆகும்வரை ஊரில் மீன் இல்லை. பருப்பு, பயற்றங்காய், பலாக்கொட்டை. திரும்பவும் பருப்பு.

வயிறு ஊதல். நாலு வாய் சாப்பிட்டாலே முட்டிக்கொண்டு நிற்கிறது. பருப்பால் வரும் வாயு, வேறென்ன. உயர்தரத்துக்கு இரசாயனம் படிப்பிக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா.

ஆனால் சித்திரை வருடப் பிறப்பன்றே உள்பாவாடை நாடாவைத் தளர்த்தித்தான் கட்டினேன். அப்போது சடங்கு இல்லை.

பக்கத்து வளவில் இருக்கும் தங்கச்சி வழமைபோல வேலிக்கு மேலால் போத்தலை நீட்டினாள். ஓமத்தண்ணீர்.

"குடியுங்க அக்கா. முகத்தச் சுழிக்காம."

"ஓம்" என்றேன். அவள் உள்ளே போனதும் கறிவேப்பிலைக்கு ஊற்றியாயிற்று.

யூன் 7, சனி

செங்கலடிச் சந்தை. இஞ்சி, உள்ளி, சவர்க்காரம், சிவப்புப் பேனை இரண்டு. பேனை மறந்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பிள்ளை எழும்பி இடம் தந்தாள். "இருங்க அன்ரி, இந்த நேரத்துல நிக்கக் கூடாது." யாருக்குச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குத்தான். நாற்பத்தொன்பது வயதில்.

இருந்துகொண்டேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்ப என்ன என்று பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்து ஃபோனில் தேடினேன். மென்று சாப்பிடு, சோடா குடிக்காதே, சாப்பிட்டதும் நட. சரி. ஒரே ஓர் இடத்தில்: ஐம்பதை நெருங்கும் பெண்ணுக்குப் புதிதாக வந்து, விடாமல் நிற்கும் ஊதல் என்றால் கருப்பைக்குப் பக்கத்துச் சூலகத்தையும் பார்க்க வேண்டும். ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன். இணையத்தில் யாரும் எதையும் எழுதலாம்.

யூன் 9, திங்கள்

இன்றிரவு குளிர்த்தி. ஒலிபெருக்கி. வினாத்தாள் திருத்த முடியவில்லை.

திட்டம்: புதன் முதல் மீன். பருப்பு இல்லை. மற்றதெல்லாம் அப்படியே. ஒரு காரணியை மட்டும் மாற்று. இறங்கினால் பருப்பு.

இறங்காவிட்டால் என்பதை எழுதவில்லை.

யூன் 11, புதன்

மீன் விற்க வரும் முஸ்லிம் அண்ணன், காக்காவின் ஹோன் கேட்டதும் ஒழுங்கைச் சனமே படலையில்.

"டீச்சர், பட்டினி கிடந்த முகம்! மணலை மீன் தரட்டா?"

தங்கச்சி விடவில்லை. "முகத்த விடுங்க காக்கா. வயித்தப் பாத்தாப் பட்டினி கிடந்த ஆள் மாதிரியா தெரியுது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

மணலைச் சொதி. நல்ல ருசி. பாதிக் கோப்பையோடு வயிறு நிறைந்துவிட்டது.

யூன் 15, ஞாயிறு

பருப்பு இல்லை. நேற்று முதல் தயிரும் இல்லை. வயிறு அப்படியே. நாடா முடிச்சு இன்னும் வெளியே போயிருக்கிறது. அடிக்கடி மூத்திரம் வேறு.

இன்னும் ஒரு கிழமை பார்க்கலாம். காலையில் தின்னும் பாணையும் நிறுத்தி.

யாரை ஏமாற்றுகிறேன்.

யூன் 16, திங்கள்

பாடசாலை விட்டு நேரே வைத்தியரிடம். சின்னப் பெண். என்னிடம் படித்தவளாக இருக்குமோ என்று பயம். இல்லை.

பருப்பு, மீன், தயிர் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரு கேள்வி: "காலையில எழும்பக்குள்ள இறங்கியிருக்குமா மிஸ்?"

பாடசாலையால் வந்து சேலை மாற்றும்போதுதான் பார்ப்பேன். காலையில் பார்த்ததே இல்லை. வாயு என்றால் கூடிக் குறையும், பெரும்பாலும் விடியும்போது தணிந்திருக்கும் என்றார். ஸ்கேனுக்கு எழுதித் தந்தார்.

யூன் 17, செவ்வாய்

விடிந்தது. எழும்பவில்லை. கையை வைத்துப் பார்க்க நெடுநேரம் எடுத்தது.

இறங்கவில்லை.

யூன் 18, புதன்

ஸ்கேன். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பு. பக்கத்தில் இருந்தவள், "எத்தினை மாசம்?" "மாசமில்லை." அவள் தன் பையைத் திறந்து எதையோ தேடினாள்.

இடது சூலகத்தில் கட்டி. தேங்காய் அளவு.

"நல்லதா கெட்டதா டொக்டர்?"

"எடுத்துப் பாத்தாத்தான் சொல்லலாம்."

சரியான பதில். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். ஆனாலும் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். திங்கள் பெரியாஸ்பத்திரிக்கு.

பின்னேரம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தங்கச்சியிடம் சொன்னேன். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்படிப் பேசாமல் இருக்கிறவள் இல்லை.

யூன் 19, வியாழன்

காற்று இல்லை. கறிவேப்பிலை அசையவில்லை.

வேலியில் போத்தல் இல்லை. பாடசாலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து பார்த்தேன். இன்னும் இல்லை. ஸ்கேன் அறையில் வராத பயம் அப்போது வந்தது.

படலையைத் திறந்துகொண்டு போனேன். குசினியில் இருந்தாள். அடுப்பு மூட்டவில்லை. கண் வீங்கியிருந்தது.

"எங்க என்ட ஓமத்தண்ணி?"

"அத நீங்க கறிவேப்பிலைக்குத்தானே ஊத்துற."

தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாளும்.

"அதுக்கு ஒரு நாளும் வயிறு ஊதல்ல, பாத்தியா" என்றேன்.

சிரிக்கப் போனவள் அழுதாள். "இதுக்கு அது கேக்காது அக்கா."

"தெரியும். போடு."

ஓமம் வறுபடும் மணம். பலகையில் குந்தியிருந்து முழுக் கோப்பையும் குடித்தேன். தொண்டை எரிந்தது. கடைசி வாய்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

டின்னைக் கவிழ்த்துக் காட்டினாள். ஓமம் முடிந்துவிட்டதாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போற வழியில் இறங்கி வாங்குவோம் என்றாள்.