தாலியில் கோத்த ஊக்குகள்

இன்று காலை பந்துப் பையைத் துழாவியபோது சுருக்கென்று விரலில் குத்தியது. கடைசியாக வந்த அன்று நீங்கள் பையில் போட்டுவிட்டுப் போன ஊக்குக் கொத்துதான் அக்கா. ஒன்று மட்டும் துருப்பிடித்து வாய் திறந்து கிடந்தது. ரத்தத்தைச் சப்பிக்கொண்டே ஸ்டோர் ரூம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க மனமில்லை. இந்த முழங்காலும் இப்போதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

முதல் நாள் நீங்கள் பள்ளி மைதானத்துக்கு வந்தது, உங்கள் மகளை ஆட விட்டதற்காக என்னோடு சண்டைக்கு. தறியிலிருந்து நேராக வந்திருந்தீர்கள், தலையெல்லாம் பஞ்சு. "வயசுக்கு வந்த பொண்ணு இப்டி குதிச்சிகினு இருந்தா யாருங்க கட்டுவாங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "இந்த ஒரு பாயிண்ட் முடியட்டும், கூட்டிட்டுப் போங்கக்கா" என்றேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்தீர்கள். அந்த பாயிண்ட் முடிந்தது, கேமும் முடிந்தது, அடுத்த கேமும் முடிந்தது. எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கி எத்தினி மணிக்கு டீச்சர்?" என்றீர்களே, எனக்கு வந்த சிரிப்பை எப்படி அடக்கினேனோ!

அதன்பிறகு தினமும் அதே மரத்தடி. "அந்தம்மா உக்காந்துகினு இருக்காங்கன்னா அனுப்புறோம்" என்று ஒவ்வொரு வீடாக இறங்கி வந்தது. என் படிப்பும் விசிலும் வாங்கித் தராத நம்பிக்கையை நீங்கள் சும்மா உட்கார்ந்தே வாங்கித் தந்தீர்கள். உங்கள் மகள் கல்யாணமாகி அரக்கோணம் போன பிறகும் வந்தீர்கள்.

துப்பட்டா இல்லாமல் ஆடக் கூடாது என்பது அப்பாக்களின் கண்டிஷன். துப்பட்டாவோடு பந்தை எப்படி எடுப்பது? உங்கள் தாலிக் கயிற்றில் எப்போதும் ஏழெட்டு ஊக்கு தொங்கும். "அத்தே, ஊக்கு!" என்று பிள்ளைகள் ஓடிவந்து உங்கள் கழுத்திலிருந்தே கழற்றிக்கொள்வார்கள். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. "நாளைக்கி வந்து திருப்பிக் குடுக்கணும்டி" என்பீர்கள். ஓர் ஊக்குக்கு இவ்வளவு கெடுபிடியா என்று நினைப்பேன். நாளைக்கும் அவர்கள் வர வேண்டும் என்பதற்காகத்தான் என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

இனி எழுதப்போவதை உங்களிடம் நேரில் சொன்னதே இல்லை. உங்கள் வீட்டுக்காரர் தவறி, கருமாதி முடிந்த மறுநாளே வந்தேன். துக்கம் கேட்கத்தான் வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அடுத்த வாரம் மேட்ச், நீங்கள் இல்லாமல் ஒருத்தர் வீட்டிலும் பிள்ளையை விடவில்லை, அதுவும் வாய் தவறி வந்துவிட்டது. "ஆங், அதுக்குத்தான் வந்தீங்களா" என்றீர்கள். மூன்று மாதம் வாசல் தாண்டக் கூடாத வீட்டில் வந்து அப்படிக் கேட்டேனே, சீ என்றிருந்தது.

மறுநாள் சாயந்திரம் பின்பக்க கேட் வழியாக வந்தீர்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, பழக்க தோஷம், "அத்தே, ஊக்கு!" என்று ஓடிவந்து உங்கள் கழுத்துக்குக் கை நீட்டிவிட்டது. கழுத்து வெறுமையாக இருந்தது. பிள்ளை கையை இழுத்துக்கொண்டு ஓவென்று அழுதது. நீங்கள்தான் முந்தானை முடிச்சை அவிழ்த்தீர்கள். "இன்னாத்துக்குடி அழுவுற? தாலியத்தான் கழட்டினாங்க. ஊக்க நான் எடுத்து வச்சிகினேன்" என்று ஒன்றை நீட்டினீர்கள். தெரு முழுக்க உங்களைப் பேசியது. எல்லாம் என்னால்தான். கடைசிவரை உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷமாகிறது. "அந்தம்மா இல்லியாமே, அப்ப வேணாங்க டீச்சர்" என்று மூன்று பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். போர்ஷன் முடிக்கணும் என்று மற்ற டீச்சர்கள் என் பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். டீம் பொறுப்பிலிருந்து என்னை விடுவிக்கும்படி எழுதிய கடிதம் கைப்பையில் இருக்கிறது. இன்று கொடுத்துவிடுவதாகத்தான் இருந்தேன். அலுத்துவிட்டது அக்கா.

துருப்பிடித்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சம் ஏழையும் என் தாலியில் மாட்டிக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. சாயந்திரம் வலை கட்டிக்கொண்டிருந்தபோது, உங்களைப் பார்த்தே இராத ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "மிஸ், ஊக்கு" என்று என் கழுத்திலிருந்தே கழற்றிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். என்னையறியாமல், "நாளைக்கி வந்து திருப்பிக் குடுக்கணும்டி" என்று கத்தினேன்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். பையில்தான் இருக்கிறது. ஆனால் கழுத்தில் நான்கு ஊக்குதான் இருக்கிறது அக்கா. மூன்று பேர் நாளை திருப்பித் தர வருவார்கள். வாங்கிக்கொள்ள நான் அங்கே இருக்க வேண்டுமே.