தொண்ணூற்றெட்டு டிகிரி

செப்டம்பர் 8, திங்கள்

இன்றைக்கு மூன்று தடவை லேப்டாப் அணைந்தது. எச்சரிக்கை ஒன்றும் கிடையாது. திரை கறுப்பு, அவ்வளவுதான். கியர்பாக்ஸ் மூடியை முக்கால்வாசி வரைந்திருந்தேன். சேமித்தது பாதி.

புனே கம்பெனி கொடுத்த மூன்று வாரச் சோதனையில் ஒரு வாரம் போய்விட்டது. பழைய காகித வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைந்து தரணும். பிடித்துப்போனால் ஆரம்பாக்கத்து வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால்? அம்மாவை யாரிடம் விட்டுவிட்டு மறுபடி கும்மிடிப்பூண்டி கம்பெனி பஸ் ஏறுவேன்? இடுப்பெலும்பு முறிந்து நாலு மாசம். இன்னும் தானாக எழுந்து பாத்ரூம் போக முடியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டேன். பழைய கம்பெனியில் எலக்ட்ரீஷியன், ஆறு வருஷப் பழக்கம். பழைய லேப்டாப்களை வாங்கிச் சுத்தம் பண்ணி, விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டு விற்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. இதுவும் அவர் கொடுத்ததுதான்.

"உள்ள ஃபேன் சுத்துதா பாரு."

"சுத்துதுண்ணா. நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துன்னு காட்டுது. சூடுதான் தொண்ணூத்தெட்டு போவுது."

"அப்போ தூசியா இருக்கும். இல்லன்னா சூடு கடத்த சிப்புமேல தடவற பேஸ்ட் காஞ்சிருக்கும். ஞாயித்துக்கிழமை எடுத்துக்கினு வா, பாத்துக்கலாம்."

ஞாயிறு வரைக்கும் நான் இன்னா பண்றது?

செப்டம்பர் 10, புதன்

நானே திறந்தேன். ஒரு சிட்டிகை தூசி. ஒரு திருகாணி தொலைந்தது. மூடினேன். தொண்ணூற்றாறு.

செப்டம்பர் 11, வியாழன்

லினக்ஸைப் புதுப்பித்தேன். சரிவராமல் அதன் பழைய பதிப்புக்கே திரும்பினேன். பேட்டரி மிச்சம் பிடிக்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டேன், எடுத்தேன். இணையத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைசியில் லேப்டாப்பை ரெண்டு செங்கல்மேல் தூக்கி வைத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பினேன்.

"எனக்கு வெச்ச காத்த அதுக்குத் திருப்பிட்டியாடி?" என்றாள் அம்மா. வியர்த்துப்போய்க் கிடந்தாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

மேலதிகாரி மிருதுளாவிடம் வீடியோ அழைப்பில் வரைபடத்தைக் காட்டும்போது அணைந்தது. திரும்ப வர ஏழு நிமிஷம்.

"மெஷின் நல்லா இருக்கறதும் உங்க பொறுப்புதாங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

போனை எடுத்தேன். பழைய கம்பெனி வாட்ஸ்அப் குரூப், நூற்று நாற்பது பேர். எழுதினேன்: "அந்தோணி கிட்ட யாரும் லேப்டாப் வாங்காதீங்க. ஓட்டை மெஷினுக்கு லினக்ஸ் போட்டு நம்ம தலையில கட்றாரு."

அனுப்பினதும் ஒரு நிம்மதி. அது உண்மை. எழுதித்தான் வைக்கணும்.

செப்டம்பர் 13, சனி

பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். பேக்கிங் செக்‌ஷன் சடையப்பன், வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கப்போகிறானாம். அந்தோணி அண்ணன் ஒரு வார்த்தை எழுதவில்லை. நாளைக்கு ஞாயிறு, அவரிடம் லேப்டாப்பைக் கொண்டுபோகப்போவதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் அம்மாவுக்கு இட்லி ஊட்டிக்கொண்டே வரைபடத்தைத் திறந்தேன். அம்மா கேட்டாள்:

"ஏண்டி, மொதல்ல வந்தப்ப இது ஊடே அதிர்ற மாதிரி கத்துமே. இப்ப இன்னா, வாயே தொறக்க மாட்டேங்குது?"

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன்.

ஐம்பது டிகிரியில் ரெண்டாயிரம் சுத்து. தொண்ணூறில்? அதே ரெண்டாயிரம். சூடு ஏற ஏற ஃபேன் வேகமெடுக்க வேண்டாமா? எதுவோ அதைப் பிடித்து வைத்திருக்கிறது. லேப்டாப் தொடங்கும்போது தானாக ஓடுகிறவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு குட்டிக் கோப்பு. உள்ளே ஒரே வரி: ஃபேனை எப்போதும் குறைந்த வேகத்திலேயே நிறுத்து. உருவாக்கிய தேதி ஜூலை 20.

லேப்டாப் என்னிடம் வந்தது ஜூலை 6.

இந்த நோட்டையே பின்னால் புரட்டினேன். ஜூலை 20, என் கையெழுத்து: "ஃபேன் சத்தத்தில் அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. இணையத்தில் ஒரு கமாண்ட் கிடைத்தது. போட்டேன். வீடு அமைதி."

அப்போது வரையக் கற்றுத்தரும் பாட வீடியோ பார்ப்பது மட்டும்தான் வேலை, சூடாகவில்லை. நானும் மறந்தேபோனேன். கோப்பை அழித்தேன். ஃபேன் இரைய ஆரம்பித்தது. எழுபத்தொன்று. ரெண்டு மணி நேரம் வரைந்தேன், அணையவில்லை.

"ஆங், இதான்" என்றாள் அம்மா.

ஐயோ. அந்த மனுசன இன்னா பேச்சு பேசிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நாலு தடவை எழுதி அழித்தேன். முதலில் "சில தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பித்தேன். என்ன காரணம்? நான்தானே காரணம்? கடைசியில் போட்டது: "லேப்டாப்பில் கோளாறு இல்லை. ஃபேன் வேகத்தைக் குறைத்தது நான். அந்தோணி அண்ணன் நல்ல மெஷின்தான் கொடுத்தார். நான் எழுதியது தப்பு. மன்னிச்சிடுங்க."

ரெண்டு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அண்ணன் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

பக்கத்து வீட்டு சந்திரகலா அக்காவை அம்மாகூட உட்காரவைத்துவிட்டு எளாவூரில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் டூட்டியில். அவர் மனைவி ரோசம்மாள் அக்கா வாசலிலேயே தண்ணீர் கொடுத்தார். உள்ளே மேஜைமேல் திரும்பி வந்த லேப்டாப்கள், மூன்று.

"ரெண்டாவது மெசேஜையும் பாத்தோம், அருணா. ஆனா மொத மெசேஜத்தான் எல்லாரும் படிச்சாங்க."

யார் யாருடையது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று பேருக்கும் போன் போட்டேன். சடையப்பன் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றான். இன்னொருவர் யோசிக்கிறாராம். மூன்றாமவர், "உனக்கு வேற வேலையே இல்லியா?" என்று வைத்துவிட்டார்.

கடைசி வரைபடத்தையும் அனுப்பினேன்.

செப்டம்பர் 24, புதன்

வேலை நிரந்தரம். மிருதுளா போனில் சொன்னார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். யாரிடமாவது சொல்லணும்போல இருந்தது. யாரிடம் என்பதும் தெரிந்தது. சொல்லவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

அம்மாவின் மாத்திரை வாங்க கும்மிடிப்பூண்டி போய்விட்டு ஸ்டேஷனில் நின்றேன். அதே பிளாட்பாரத்தில் அந்தோணி அண்ணன். ஓடிவிடலாமா? அதற்குள் பார்த்துவிட்டார்.

"அம்மா நடக்கிறாங்களா?" என்றார்.

"வாக்கர் புடிச்சுக்கினு நடக்கிறாங்க."

"லேப்டாப்பு?"

"நல்லா இருக்குண்ணா. அண்ணா, நான் —"

"வண்டி வந்துருச்சு. ஏறுங்க."

ஏறுங்க. ஆறு வருஷத்தில் என்னை ஒரு நாளும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை.

கூட்டம். அவர் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தார். நான் கதவருகே கம்பியைப் பிடித்து நின்றேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தவர், பக்கத்தில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் வேறு யாரையும் உட்காரவும் விடவில்லை.

போய் உட்கார்ந்தேன்.