அப்பா சாய்ந்த சுவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

யாமினி வணங்கி எழுதறேன். முட்டிவலி குறைஞ்சுதா? நான் சௌக்கியம்தான், ஆனா ஒரு இடத்துல உட்கார முடியல.

ரோமானியர் காலத்து வீட்டுச் சுவர் ஓவியம் ஒண்ணு மண்ணுக்குள்ளேருந்து துண்டுதுண்டா கிடைச்சிருக்கு. அதைப் பொருத்துறதுதான் என் வேலை. நாள் முழுக்க எதுவும் சேரலைன்னா கை பரபரங்குது. நேத்து லாச்சப்பல்ல, அதான் இந்த ஊர் இலங்கைத் தமிழர் கடைத்தெருவுல, ஒரு சாப்பாட்டுக் கடையில நொறுங்கின அப்பளத்தைத் தட்டுல பொருத்திக்கிட்டிருந்தேனாம்! கடைக்கார அண்ணை பதறிட்டார். "உடைஞ்சதை விடுங்கோ தங்கச்சி, இந்தாங்கோ வேறை!"

பருப்புப்பொடி அனுப்பு. இன்னொண்ணு, போன்ல சொல்ல வரலை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறப்ப, கூடத்துச் சுவர்ல அப்பாவோட தலையெண்ணெய்க் கறையை மட்டும் விட்டுடச் சொல்லு. அவர் போனப்ப வர முடியல. அதையாவது வந்து பார்க்கணும்.

மெட்ரோவுக்கு ஓடணும்.

யாமினி