ஞாயிற்றுக்கிழமை எண்

ஜூன் 3, செவ்வாய்

ஐந்து பேனாக்கள் வீண். தெருவில் சாலையைத் தோண்டுகிறார்கள். ஈரப் பசைமேல் மண்துகள் உட்கார்ந்துவிட்டது. மரத்தைக் கடைவது நான், பளபளப்புக்காக அதன்மேல் உடனே காயும் பசையைப் பூசுவது தங்கை. சுழலும் பேனாவில் ஒரு சொட்டு, தாளால் ஒரே இழுப்பு. இப்படிப் பத்துப் பூச்சு. பிறகு உப்புத்தாளால் தேய்த்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஜன்னலை மூடச் சொன்னேன்.

"மூடினா நான் அவிஞ்சு போயிடுவேன்க்கா."

"அவிஞ்சா பரவாயில்ல. தூசி ஒட்டக் கூடாது."

இருநூறு பேனாக்கள், பட்டமளிப்பு விழாவுக்கு. எனக்குப் புள்ளியியல் சொல்லித்தந்து, பதினேழு வருடம் வேலையும் தந்து, பிறகு வேண்டாம் என்று அனுப்பிய அதே பல்கலைக்கழகம். ஒன்றில்கூடக் குறை இருக்கக் கூடாது.

ஜூன் 9, திங்கள்

தூசி இல்லை. தங்கைக்கு இருமல்.

ஜூன் 12, வியாழன்

இப்போது இரைப்பும். சிறுவயதில் பாத்திரம் கழுவும் முறை வந்தால் அவளுக்கு வயிற்றுவலி வரும். நான் எதையும் மறப்பதில்லை.

பசையின் ஆவி ஒத்துக்கொள்ளவில்லையோ என்கிறார் டாக்டர். ஓர் ஊதுகுழாய் கொடுத்தார். மூச்சை நன்றாக இழுத்து ஒரே வேகத்தில் ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும்; எண் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். நான் குறித்து வைக்கிறேன் என்றேன்.

"மார்க் போடப் போறியா? பார்த்து பாஸ் போட்டு விடுக்கா."

ஜூன் 21, சனி

வேலை நாட்களில் 310, 300, 285. பசை தொடாத ஞாயிறு மட்டும் 390. டாக்டருக்கு இது போதும். எனக்குப் போதவில்லை. ஊதுபவள் அவள். எந்த நாளில் எந்த எண் வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

தெரியாவிட்டால் என்ன வரும்?

ஜூன் 22, ஞாயிறு

காலையில் 385. பசையில் நனைத்த தாள்களை ஒரு கிண்ணத்தில் போட்டு, சமையலறையில் அவள் உட்காரும் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். ஒரு வாரமாக மூக்கடைப்பு. அவளுக்கு வாசனை தெரியாது. செய்தித்தாள் படித்துக்கொண்டே என் நரைமுடியைக் கேலி செய்தாள். நாற்பது நிமிடம் கழித்து ஊதச் சொன்னேன். 240. மறுபடி ஊத முடியவில்லை. உதடு நீலம் —

"அக்கா, ஜன்னல்..." என்றாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

எனக்கு நானே: என்னடி பண்ணி வெச்சிருக்க? நம்பர்தானே கேட்ட? வந்துடுச்சு. போதுமா?

ஜூன் 23, திங்கள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆக்சிஜன். "நேத்து வீட்ல பசை ஏதாவது திறந்திருந்ததா?" என்று டாக்டர் கேட்டார்.

இல்லை என்றேன்.

ஜூன் 26, வியாழன்

பிழைத்துவிட்டாள். டாக்டர் கேட்டதால் எண்கள் குறித்த நோட்டை எடுத்துப்போனேன். அவர் வருவதற்குள் அவள் வாங்கிப் புரட்டினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக என் கையெழுத்து: 'பசை — உண்டு. அவளுக்குத் தெரியாது.'

ஏன் எழுதினேன்? பழக்கம். எதையும் குறிக்காமல் விட்டதில்லை.

அந்த வரியில் விரல் வைத்துப் படித்தாள். பிறகு நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"நான் பாஸாக்கா?"

ஜூலை 19, சனி

மிச்சத்தை நானே பூசி முடித்தேன், ஜன்னலைத் திறந்து வைத்து. இருநூறும் போய்ச் சேர்ந்தன. தூசி பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து சின்னம்மாவின் வீட்டுக்குப் போன தங்கை அங்கேயே இருந்துவிட்டாள். தினமும் காலையில் எண்ணை மட்டும் போனில் அனுப்புகிறாள். நோட்டு என்னிடம் இருக்கிறது, டாக்டருக்கு அது வேண்டும் — அதற்காக. அக்கா என்ற சொல் அதில் இருப்பதில்லை.

இன்று 430. இதுவரை வராத எண்.

அந்த வீட்டில் பசை இல்லை. நானும் இல்லை. இரண்டும் ஒன்றாக விலகியிருப்பதால், எதனால் ஏறியது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

குறித்துக்கொண்டேன்.